பேரேடும் ஆய்வேடும்

நேயர்களுக்கு வணக்கம். செட்டிநாட்டு வீடுகளில் வளர்ந்தவர்களுக்குப் பேரேடு புதிதன்று. இலாபத்தை எழுதும் அதே கையால் நட்டத்தையும் மறைக்காமல் எழுதுகிற கணக்குப்பிள்ளையைத்தான் அந்த வீடுகள் நம்பின. பல்கலைக்கழகத்தில் கல்விச் சுதந்திரம், அதாவது உண்மையை அச்சமின்றி ஆராயவும் கற்பிக்கவும் உள்ள உரிமை, என்பதை நான் அந்தப் பேரேட்டைக் கொண்டே புரிந்துகொண்டேன்.

பல ஆண்டுகளுக்கு முன் என் மாணவர் ஒருவர், தம் முன்னோர் பர்மாவில் நடத்திய வட்டிக்கடையின் ஏடுகளை வீட்டுப் பெட்டகசாலையில் கண்டெடுத்தார். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த, செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தாரின் நிலவுடைமை, உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து உழவர்கள் கடனை அடைக்க முடியாமற்போனதால், 1938க்குள் 25 விழுக்காட்டளவுக்கு உயர்ந்தது. கடன் கொடுத்தவர்கள் விரும்பியது நிலத்தை அன்று, பணத்தை. ஆயினும் நிலம் கைமாறியது உண்மை. அதைத்தான் மாணவர் ஆராய விரும்பினார். அவருடைய அப்பத்தா, "கணக்கை ஒளிக்கிறது நம்ம வீட்டுப் பழக்கமில்லை, உள்ளதை எழுதப்பா" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். வீடு கொடுத்த அனுமதியைப் பல்கலைக்கழகம் கொடுக்கவில்லை. நன்கொடையாளர் மனம் நோகும் என்று சொல்லி, தலைப்பை நகரத்தாரின் அறப்பணிகள் என்று மாற்றச் சொன்னார்கள். அறப்பணிகள் பெருமைக்குரியவை, ஆனால் மாணவர் கேட்ட கேள்வி அதுவன்று. அந்த மாற்றத்தில் நெறியாளனாக நானும் கையெழுத்திட்டேன். இன்றும் அது என்னை உறுத்துகிறது.

கொடை வேறு, கட்டுப்பாடு வேறு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கியதால் காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை 1953இல் திறந்துவைத்தவர் டாக்டர் இராதாகிருஷ்ணன். அவர் தலைமையேற்ற பல்கலைக்கழகக் கல்விக் குழு, உயர்கல்விக்கு அரசு பொருளுதவி செய்வது கடமையே என்றாலும் அவ்வுதவி பாடத்தையும் ஆய்வையும் கட்டுப்படுத்தும் உரிமையாகிவிடக் கூடாது என்று தன் அறிக்கையில் தெளிவுபடுத்தியிருந்தது. அரசுக்குச் சொன்னது தனிக் கொடையாளர்க்கும் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. மீண்டும் சொல்கிறேன்: கொடை வேறு, கட்டுப்பாடு வேறு. ஆசிரியரும் மனம்போனபடி பேச இச்சுதந்திரத்தைக் கேட்கவில்லை; அவரைச் சான்றுகளும், அவற்றைச் சோதிக்கும் சக அறிஞர்களும் கட்டுப்படுத்துகிறார்கள்.

நேரம் முடிவதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். விரிவாகச் சொல்ல எண்ணியிருந்ததைச் சுருக்கமாகவேனும் சொல்லிவிடுகிறேன். நிலையான பணி இல்லாத கௌரவ விரிவுரையாளர், அடுத்த ஆண்டு வேலை நீடிக்குமா என்ற அச்சத்தோடு வகுப்புக்குள் நுழைகிறார். பர்மா ஏடுகளோடு ஒரு மாணவர் அவரிடம் வந்தால், மேலிடத்தை மீறி அம்மாணவருக்குத் துணை நிற்க அவரால் எப்படி முடியும்? இத்தகைய விரிவுரையாளர்களுக்குப் பணிப் பாதுகாப்பு வேண்டும். வணக்கம்.