முதல் கியரில் போட்டிருந்தும் கார் உருண்டது! வீட்டில் ஜாக்கி போடும் முன் இதைப் பாருங்கள்

[காட்சி: வீட்டின் போர்டிகோ. காரின் முன்பக்க இடது சக்கரம் தரையிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில் நிற்கிறது. யாரும் தொடவில்லை. சக்கரம் மெல்லச் சுழலத் தொடங்குகிறது.]

இந்தச் சக்கரத்தை நன்றாகப் பாருங்கள். இன்ஜின் ஓடவில்லை. சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. கார் முதல் கியரில் கிடக்கிறது. ஆனாலும் சக்கரம் தானாகச் சுழல்கிறது, அதுவும் முன்னோக்கி. கார் என்ன செய்கிறது தெரியுமா? பின்னோக்கி, வாசல் கேட்டை நோக்கி நகர்கிறது.

இப்போது நீங்கள் பார்த்தது வீடியோவுக்காகப் பின்னால் தடுப்பு வைத்து எடுத்த காட்சி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இது எனக்கு ஒத்திகை இல்லாமலேயே நடந்தது. மழைக்காலத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு வைத்தால் பிறகு விடாமல் இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்று கியரில் மட்டும் காரை விட்டிருந்தேன். நம்மில் பாதிப் பேருக்கு இந்தப் பழக்கம் உண்டு. ஜாக்கியைச் சுற்றினேன், சக்கரம் மேலே எழுந்தது. மழைநீர் வடிவதற்காக போர்டிகோவில் விட்டிருந்த சிறு சரிவு போதுமானதாக இருந்தது. ஜாக்கி காற்றில் பனைமரம் போலச் சாய்ந்தது, அடுத்த நொடி கார் "டொம்" என்று இறங்கியது. நல்லவேளை, சக்கரத்தை இன்னும் கழற்றவில்லை. என் அம்மா வளர்த்த கற்றாழைத் தொட்டி ஒன்றுதான் போனது. புதுக் கார் வாங்கினால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கும் ஊர் நம்முடையது. அன்று நான் வைத்திருக்க வேண்டியது ஒரு மரக்கட்டை.

வணக்கம் நண்பர்களே. ஆயில் மாற்ற, பிரேக் பார்க்க, டயர்களை இடம் மாற்றிப் போட வீட்டிலேயே காரைத் தூக்குவது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். அடைத்து வைத்த திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும் என்றார் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல். அதை வைத்து 1795-ல் இங்கிலாந்தில் ஜோசப் பிரமா என்பவர் நீரழுத்த எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கையில் தூக்கிச் செல்லும் ஹைட்ராலிக் ஜாக்கிக்கு 1851-ல் நியூயார்க்கில் ரிச்சர்ட் டட்ஜன் காப்புரிமை வாங்கினார். முடிந்தது. தேர்வில் கேட்க மாட்டார்கள்.

நாம் வந்த விஷயம் அந்தச் சக்கரம்.

[காட்சி: கிணற்று ராட்டினம். கயிற்றின் இரு முனைகளிலும் குடங்கள்.]

இரண்டு குடம் கட்டிய ராட்டினத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரு குடம் கீழே இறங்கினால் மற்றது மேலே ஏறும். ராட்டினத்தைத் தாங்கும் கட்டை அசையாமல்தான் நிற்கும், ஆனால் குடங்கள் இரண்டும் எதிரெதிராகப் போய்க்கொண்டிருக்கும். என் கார் போல முன் சக்கரங்களை இன்ஜின் ஓட்டும் கார்களில், அவற்றுக்கு நடுவே இருக்கும் டிஃபரன்ஷியலும் இப்படித்தான். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிகத் தூரம் போக வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாகப் போனால் போதும். அந்த வித்தியாசத்தைச் சமாளிக்க வைத்த பற்சக்கரக் கூட்டம் அது. கியர் போட்டால் என்ன ஆகிறது? ராட்டினத்தின் கட்டையை இன்ஜின் இறுகப் பிடித்துக்கொள்கிறது. குடங்களை அது பிடிக்கவில்லை! இரண்டு சக்கரமும் தரையில் இருக்கும்வரை கவலை இல்லை. இரண்டும் ஒரே திசையில்தான் உருள முடியும் என்பதால் கியர் காரை நிறுத்தி வைக்கும். ஒன்றைத் தூக்கிவிட்டீர்கள் என்றால் அது காற்றில் முன்னோக்கிச் சுழலும், தரையில் இருப்பது தாராளமாகப் பின்னோக்கி உருளும். கியர் இருந்தும் இல்லாத கதைதான். ஆட்டோமேட்டிக் காரில் 'பி'யில், அதாவது பார்க்கில், வைத்தாலும் இதே கதைதான்.

தூக்கிய காரைத் தாங்கும் இரும்புக் கால்களான ஸ்டாண்டுகள் நான்கின் மேல் கார் நிற்கும் ஒரு பட்டறைக்குப் போனால் அனுமதி கேட்டுச் செய்து பாருங்கள். கியர் போட்ட காரில் ஒரு முன் சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுற்றினால் மறுபக்கச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றும். நான் பத்து நிமிடம் சுற்றிக்கொண்டே இருந்தேன். பட்டறைப் பையன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

ஹேண்ட் பிரேக் என்ன செய்யும்? நம் சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் அது பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். முன்பக்கத்தைத் தூக்கும்போது அதுதான் துணை, கட்டாயம் போடுங்கள். பின்பக்கம் முழுவதையும் தூக்கினால் அது காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும், முன் சக்கரங்களை இன்ஜின் ஓட்டும் காரில் அப்போது கியர்தான் துணை. இரண்டையும் போட்டுவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். அதோடு நிறுத்தாதீர்கள், தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வையுங்கள்.

முட்டுக்கட்டை! எனக்கு மிகவும் பிடித்த சொல். பேச்சில் அதைத் திட்டுவதற்குத்தான் வைத்திருக்கிறோம். "நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறான்" என்கிறோம். ஆனால் தேரோட்டத்தில் போய் நின்று பாருங்கள். திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம், ஏறத்தாழ 300 டன் எடை. திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்திருக்கிறது. அப்படியும் உருளும் சக்கரத்துக்கு மிக அருகே ஓடி, ஆப்பு வடிவக் கட்டையைச் சரியான நொடியில் செருகுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தேரை நிறுத்துவதும் திருப்புவதும் அந்தக் கட்டைதான். சக்கரம் கட்டையில் ஏறப் பார்க்கும். அது ஏற ஏறத் தன் எடையாலேயே கட்டையைத் தரையோடு அழுத்தும், கட்டை இன்னும் கெட்டியாக உட்காரும். தள்ளுகிறவனின் பலத்தை வாங்கியே அவனை நிறுத்துகிற வித்தை இது. மலைப்பாதையில் லாரி நின்றால் ஓட்டுநருக்கு முன் கிளீனர் கட்டையோடு குதிப்பதும் இதற்காகத்தான்.

உங்கள் காருக்குத் தேரின் கட்டை தேவையில்லை. தச்சுப் பட்டறையில் கிடக்கும் கெட்டியான மரத்துண்டைச் சாய்வாக அறுத்து வாங்கினால் போதும். ரப்பர் கட்டையும் விற்கிறார்கள். கூழாங்கல், அரைச் செங்கல், பழைய செருப்பு எல்லாம் வேண்டாம். செருப்பு வைத்தவரை நான் பார்த்திருக்கிறேன்.

தரை. சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். கத்திரி வெயிலில் தார்ச் சாலை இளகும், ஸ்டாண்டின் கால் அதில் மெல்லப் புதையும். மண் தரையும் அப்படித்தான். கனமான பிளைவுட் பலகை ஒன்றை அடியில் போடுங்கள். வழுவழுப்பான டைல்ஸ் ஈரமாக இருந்தால் அன்றைக்கு வேலையே வேண்டாம், போய்த் தேநீர் குடியுங்கள்.

சக்கரம் கழற்றுவதாக இருந்தால் காரைத் தூக்குவதற்கு முன்பே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள். காற்றில் நிற்கும் காரில் ஸ்பேனர் மேல் ஏறி மிதிக்கக் கூடாது. காருக்குள் யாரும் இருக்கக் கூடாது, தூங்கும் பாட்டியும்தான்.

ஜாக்கியை எங்கே வைப்பது? குனிந்து பாருங்கள்.

[காட்சி: கதவுக்குக் கீழே கேமரா. தகட்டு விளிம்பில் இரண்டு சிறிய வெட்டுகள்.]

கதவுக்குக் கீழே இரண்டு தகடுகளைச் சேர்த்துப் பற்றவைத்த மடிப்பு நீளமாக ஓடுகிறது. அதில் சக்கரத்துக்கு அருகே இரண்டு சிறிய வெட்டுகள் தெரியும். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் உள்ளே கூடுதல் வலு இருக்கிறது. காரோடு வந்த மடக்கு ஜாக்கியின் தலையில் உள்ள பள்ளம் இந்த மடிப்புக்காகவே வெட்டியது. ஒரு சாண் தள்ளி வைத்தால் மடிப்பு சுட்ட அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். என் காரின் வலப்பக்கம் இன்னும் நெளிந்தே இருக்கிறது. ஆயில் சம்ப் (இன்ஜின் அடியில் எண்ணெய் தங்கும் தொட்டி), சைலன்சர் குழாய், பம்பர் மூன்றின் பக்கமும் ஜாக்கியைக் கொண்டு போகாதீர்கள். உங்கள் காரோடு வந்த கையேட்டில் படம் போட்டே காட்டியிருப்பார்கள். அந்தப் புத்தகம் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் டாஷ்போர்டில் இருக்கிறது, எனக்குத் தெரியும்.

மடக்கு ஜாக்கி பஞ்சர் ஆனால் ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டும். வீட்டில் அடிக்கடி வேலை செய்கிறவர்கள் உருளைகளில் நகரும் 2 டன் ஹைட்ராலிக் ட்ராலி ஜாக்கி வாங்கிக்கொள்ளுங்கள். அதில் ஒரு சூட்சுமம்: அதன் கை நேராக ஏறாது, வில் போல வளைந்து ஏறும். அதற்கு ஏற்ப ஜாக்கியின் உருளைகள் தரையில் நகர வேண்டும். கல் இடறி உருளை நின்றுவிட்டால் நகர வேண்டிய வேலையைக் கார் செய்யும், அல்லது ஜாக்கியின் தலை வழுக்கும். ஏற்றும்போது கைப்பிடியை மட்டும் பார்க்காமல் உருளையையும் பாருங்கள்.

இப்போது வீடு தூக்கும் கதை. சென்னையில் சாலை மேல் சாலை போட்டுப் பல வீடுகள் பள்ளத்தில் போய்விட்டன, மழை பெய்தால் கூடத்தில் தண்ணீர். அதற்காக வீட்டையே நான்கைந்து அடி உயர்த்துகிறார்கள். ஹரியானாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் சுவரின் அடியைச் சிறிது சிறிதாக உடைத்து நூற்றுக்கணக்கான திருகு ஜாக்கிகளை வரிசையாக வைத்து, எல்லாவற்றையும் ஒரே அளவில் திருகுகிறார்கள். மரையின் உராய்வே திருகு ஜாக்கியைக் கீழே இறங்க விடாது. எண்ணெய் கசிந்து இறங்கும் பேச்சும் இல்லை. அப்படிப்பட்ட ஜாக்கியையும் அவர்கள் முழுதாக நம்புவதில்லை. உயர்ந்த இடைவெளியில் முட்டுக் கொடுத்து, கடைசியில் சுவர் கட்டி, எடையை அதன் மேல் இறக்கிவிட்டுத்தான் ஜாக்கியை உருவுகிறார்கள்.

நம் ஆள் என்ன செய்கிறார்? ஹைட்ராலிக் ஜாக்கி ஒன்றின் மேல் 900 கிலோ காரை நிறுத்திவிட்டு அடியில் படுத்துப் பாட்டுக் கேட்கிறார். அந்த ஜாக்கிக்குள் இருப்பது ஒரு ரப்பர் வளையமும் ஒரு சிறு குண்டு வால்வும். வால்வில் ஒரு மணல் துகள் உட்கார்ந்தால் போதும், எண்ணெய் திரும்பிப் போகும். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவது ஸ்டாண்டின் வேலை.

"வீட்டுக்குச் செங்கல் வைக்கிறார்களே, காருக்கு வைத்தால் என்ன?" என்று கருத்துப் பெட்டியில் கேட்கப் போகிறீர்கள். நல்ல கேள்விதான். சுவரின் எடை செங்கலின் முழு முகத்திலும் சாந்தோடு பரவி இறங்குகிறது. காரின் எடையோ சில மில்லிமீட்டர் அகல மடிப்பு வழியாகக் கத்தி போல இறங்குகிறது. செங்கலும் ஹாலோ பிளாக்கும் எச்சரிக்கை தராமல் பிளக்கும். மரமாவது முனகும்.

ஸ்டாண்டுகளை ஜோடியாக வாங்குங்கள். பெட்டியில் எழுதிய எடை ஒன்றுக்கா, ஜோடிக்கா என்று பாருங்கள். உயர்த்திய தண்டை ஒரு பல்லில் தாங்கும் வகையானால் பல் முழுதாக உட்கார்ந்ததா என்று தட்டிப் பாருங்கள். பல் நழுவினாலும் தாங்கக் கூடுதலாக ஓர் இரும்பு ஊசி செருகும் வகை எனக்குப் பிடிக்கும். காரணம் உண்டு. 2020-ல் அமெரிக்காவில் ஹார்பர் ஃபிரைட் கடைகள் விற்ற ஏறத்தாழ 17 லட்சம் ஸ்டாண்டுகள் பல் சரியாகப் பிடிக்காததால் திரும்பப் பெறப்பட்டன. அதற்கு மாற்றாகக் கொடுத்தவற்றிலும் சில பற்றவைப்புக் குறையால் திரும்ப வந்தன.

மடிப்பில் ஜாக்கி இருக்கும்போது ஸ்டாண்டை எங்கே வைப்பது? கையேடு காட்டும் நடுக் குறுக்குச் சட்டத்தில் ட்ராலி ஜாக்கியை வைத்து முன்பக்கம் முழுவதையும் தூக்குங்கள். இரு பக்க மடிப்பும் ஸ்டாண்டுக்குக் கிடைத்துவிடும். காரை மெல்ல ஸ்டாண்டில் இறக்கி, இடுப்பால் இடித்து ஆட்டிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே இருக்கும்போதே விழட்டும். கழற்றிய சக்கரத்தைக் காரின் விளிம்புக்கு அடியில் படுக்கப் போடுங்கள். எல்லாம் கைவிட்டாலும் ஒரு டயர் அகலத்துக்கு இடைவெளி மிஞ்சும். சாலையோர மெக்கானிக்குகள் சொல்லாமலே செய்கிற வேலை இது.

இறக்கும்போது ஜாக்கியை மீண்டும் சற்று உயர்த்தி, ஸ்டாண்டை எடுத்து, வால்வை மயிரிழை மயிரிழையாகத் திறங்கள். நட்டுகளைக் கடைசியாக இறுக்குவது சக்கரம் தரையைத் தொட்ட பிறகு, எதிரெதிராக.

அடுத்த வாரம் ஆயில் மாற்றுகிறோம். பிடித்திருந்தால் பகிருங்கள். உங்கள் வீட்டில் எதை முட்டுக்கட்டையாக வைத்தார்கள் என்று எழுதுங்கள், செருப்பை யாராவது மிஞ்சுகிறார்களா பார்ப்போம்.

ஒன்றை மறந்துவிட்டேன். போன மாதம் எல்லாம் முடித்து, கார் கிளப்பி, கிளட்சை விட்டேன். நகரவில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தேன், உறுமியது, நகரவில்லை. கிளட்ச் போய்விட்டது என்று மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் வந்தார், கதவைக்கூடத் திறக்கவில்லை. குனிந்து பின் சக்கரத்தின் முன்னாலிருந்த கட்டையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.