ரேடாரில் தெரிந்த சந்து

நேயர்களுக்கு வணக்கம்.

இடிமேகத்துக்குப் பக்கத்தில் விமானம் போகும்போது ஜன்னலோரம் இருப்பவருக்கு மின்னலைக் கண்டால்தான் பயம். மின்னலை விமானம் பெரும்பாலும் சமாளித்துவிடும். வெளித்தகடு வழியாகவே ஓடி வெளியேறிவிடும். விமானியின் கவலை வேறு: மேகத்துக்குள் இருக்கும் தண்ணீர், ஆலங்கட்டி, மேலும் கீழுமாகத் தூக்கியடிக்கும் காற்று.

அதற்காகத்தான் விமானத்தின் மூக்குக்குள் ஒரு ரேடார். அது அனுப்பும் அலை மழைத்துளியில் பட்டுத் திரும்பும். திரையில் லேசான மழை பச்சை, கனமழை சிவப்பு, மழையே இல்லாத இடம் கறுப்பு. சரி, கறுப்பைப் பார்த்து ஓட்டினால் போதுமே? அங்கேதான் சிக்கல். மழை ரொம்பக் கடுமையாக இருந்தால் முன்னால் பெய்வதே அலையை விழுங்கிவிடும். பின்னாலிருந்து எதுவும் திரும்பி வராது. அந்த இடமும் கறுப்பாகத்தான் தெரியும்.

2002 ஜனவரி 16. இந்தோனேசியாவின் லொம்போக் தீவிலிருந்து யோக்யகர்த்தாவுக்கு 60 பேருடன் போன கருடா நிறுவனத்தின் போயிங் 737, இறங்கத் தொடங்கியிருந்தது. ரேடாரில் இரண்டு சிவப்புத் திட்டுகள், நடுவே ஒரு சந்து. விமானிகள் அந்தச் சந்தில் நுழைந்தார்கள். மழையும் ஆலங்கட்டியும் அங்கேதான் கொட்டிக்கொண்டிருந்தன. இறங்கும்போது இன்ஜின் விசையைக் குறைத்து வைத்திருப்பார்கள். சிம்மில் எரியும் அடுப்பில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்த மாதிரி, இரண்டு இன்ஜின்களும் அணைந்துபோயின. மறுபடி கிளப்பிப் பார்த்தார்கள், முடியவில்லை; மின்சாரமும் போய்விட்டது. மேகத்தை விட்டு வெளியே வந்தபோது கண்ணில் பட்டது சோலோ ஆறு. இரண்டு பாலங்களுக்கு நடுவே, ஆழமில்லாத தண்ணீரில் இறக்கினார்கள். பணிப்பெண் ஒருவர் இறந்தார். மற்ற 59 பேரும் பிழைத்தார்கள். அந்த விமானிகளின் கைத்திறனை நினைத்தால் இன்றும் வியப்புத்தான்.

இதற்குக் கிட்டத்தட்ட 25 ஆண்டுகளுக்கு முன்பே, 1977 ஏப்ரலில், அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஒரு டிசி-9 விமானம் இதேபோல மழையிலும் ஆலங்கட்டியிலும் இரண்டு இன்ஜின்களையும் இழந்தது. அங்கே ஆறு இல்லை. நியூ ஹோப் என்ற ஊரில் சாலையில் இறக்கப் பார்த்தார்கள். தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 72 பேர் இறந்தார்கள்.

கடுமையான இடிமேகத்தை 20 கடல் மைலாவது, அதாவது சுமார் 37 கிலோமீட்டர், விலகிப் போகச் சொல்வது இதனால்தான். அப்படியும் ஒரு சந்து கண்ணில் பட்டால், அது நிஜமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ரேடாரைக் கொஞ்சம் கீழே சாய்ப்பார்கள். நிஜச் சந்தாக இருந்தால் அதற்குப் பின்னால் உள்ள தரை திரையில் தெரியும். தரையும் தெரியாமல் கறுப்பாகவே இருந்தால் அது சந்து இல்லை, மழையின் நிழல்.