இரண்டு பெயர்களில் வாழ்ந்த ஞானி: சாலமன் இப்னு கபிரோல்

(திரையில்: ஒரு பழைய லத்தீன் கையெழுத்துப் பிரதி)

வணக்கம். 13ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் கிறிஸ்தவ அறிஞர்களிடையே ‘உயிரின் ஊற்று’ என்றொரு நூல் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. எழுதியவர் பெயர் அவிசெப்ரோன். அவரை முஸ்லிம் என்று கருதியவர்கள் உண்டு. கிறிஸ்தவர் என்று நம்பியவர்களும் உண்டு. அதே காலத்தில் யூதர்களின் தொழுகைக் கூடங்களில் சாலமன் இப்னு கபிரோல் என்ற கவிஞரின் எபிரேயப் பாடல்கள் ஒலித்துக்கொண்டிருந்தன. இரண்டு பெயரும் ஒரே மனிதருடையவை என்பது உறுதியாக 1846 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

(திரையில்: ஸ்பெயின் வரைபடம். மாலகா, சரகோசா)

இப்னு கபிரோல் 1021 அல்லது 1022இல், முஸ்லிம் ஆட்சியிலிருந்த தெற்கு ஸ்பெயினின் மாலகா நகரில் பிறந்தார், சரகோசாவில் வளர்ந்தார். தந்தையைச் சீக்கிரமே இழந்தார். உடலை உருக்கிய நோயைப் பற்றிப் பாடல்களில் வலியோடு புலம்புகிறார். ஆதரித்த யெகூத்தியேல் என்ற பிரமுகர் 1039இல் கொல்லப்பட்டார். ஆனாலும் தன் திறமையில் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. வயது பதினாறுதான், உள்ளமோ எண்பது வயதுக்காரரின் உள்ளம் என்று பாடியவர் அவர்.

1045இல் அரபு மொழியில் ஓர் ஒழுக்க நூல் எழுதினார். அதன் அமைப்பு வியக்க வைக்கிறது. மனிதப் பண்புகள் இருபது. ஒவ்வொரு புலனுக்கும் நான்கு. செருக்கும் பணிவும் கண்ணைச் சேர்ந்தவை. அன்பு, வெறுப்பு, இரக்கம், கொடுமை ஆகியவை காதைச் சேர்ந்தவை. கோபமும் பொறாமையும் மூக்கில். கொடையும் கஞ்சத்தனமும் தொடு உணர்வில். உடற்கூற்றியலாக இது இன்று நிற்காது. ஆனால், ஒழுக்கத்தை வேதக் கட்டளைகளின் பட்டியலாக மட்டும் பார்க்காமல், உடலோடு பிறந்த இயல்புகளைப் பழக்கிச் சீர்செய்வதாகப் பார்த்தாரே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இனி, ‘உயிரின் ஊற்று’. ஆசிரியரும் மாணவரும் உரையாடும் வடிவில் அமைந்த நூல் இது. வளையல், மோதிரம், சங்கிலி மூன்றையும் எண்ணிப் பாருங்கள். உருவம் வேறு, உள்ளே இருப்பது ஒரே தங்கம். அதுபோல, படைக்கப்பட்ட ஒவ்வொன்றிலும் பருப்பொருளும் வடிவமும் உண்டு என்கிறார் இப்னு கபிரோல். கல்லுக்கும் மரத்துக்கும் மட்டுமா? ஆன்மாவுக்கும், வானவர்கள் எனப்படும் தேவதூதர்களுக்கும்கூட! கண்ணுக்குத் தெரியாத ஒருவகைப் பருப்பொருள் அவற்றிலும் இருக்கிறது. இறைவன் ஒருவனே இந்த விதிக்கு அப்பாற்பட்டவன். பருப்பொருளையும் வடிவத்தையும் இணைப்பது இறைச்சித்தம். பிரான்சிஸ்கன் என்ற கிறிஸ்தவத் துறவற சபையின் துறவிகள் பலர் இந்தக் கருத்தை ஏற்றார்கள். வானவர்களுக்குப் பருப்பொருள் கிடையாது என்று கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் கடுமையாக மறுத்தார்.

ஒரு யூதரின் நூல் என்று ஏன் யாருக்கும் தெரியவில்லை? அதில் யூத மறைநூலிலிருந்து மேற்கோள் எதுவும் இல்லை. வெறும் தர்க்கம். அரபு மூலம் தொலைந்துபோய், 12ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்ட லத்தீன் மொழிபெயர்ப்பே முழுமையாக எஞ்சியது. பெயரும் வழியில் உருமாறிவிட்டது.

முடிச்சை அவிழ்த்தவர் சாலமன் முங்க் என்ற 19ஆம் நூற்றாண்டு அறிஞர். பாரிஸ் நூலகத்தில் ஓர் எபிரேயச் சுவடி அவர் கண்ணில் பட்டது. ‘உயிரின் ஊற்றி’லிருந்து ஃபலகேரா என்ற 13ஆம் நூற்றாண்டு அறிஞர் மொழிபெயர்த்துத் தொகுத்த பகுதிகள் அதில் இருந்தன. ஆசிரியர் இப்னு கபிரோல் என்று ஃபலகேரா தெளிவாகக் குறித்திருந்தார். முங்க் லத்தீன் பிரதியோடு ஒப்பிட்டார். பொருந்தியது.

(திரையில்: பூமியைச் சுற்றி அடுக்கடுக்காக வானக் கோளங்கள்)

இதை அறிந்த பிறகு ‘கேத்தர் மல்குத்’, அதாவது ‘அரச மகுடம்’ என்ற அவருடைய நெடும்பாடலைப் படியுங்கள். பூமியில் தொடங்கி நிலா, சூரியன், சனி என ஒவ்வொரு கோளமாக மேலே ஏறுகிறார். சூரியன் பூமியைப்போல் 170 மடங்கு பெரியது என்று அக்கால வானியல் கணக்கையே துதியாக்குகிறார். வானத்தின் உச்சிவரை போனவர், அங்கிருந்து சட்டென்று தன் குற்றங்களை அறிக்கையிடத் தொடங்குகிறார். அங்கேதான் இந்த வரி வருகிறது: ‘என் பாவத்தை நீ தேடினால், உன்னிடமிருந்து உன்னிடமே ஓடுவேன்; உன் சினத்துக்குத் தப்பி உன் நிழலில் ஒளிந்துகொள்வேன்.’

எல்லாம் இறைச்சித்தத்திலிருந்தே புறப்படுகிறது என்றால், அதற்கு வெளியே ஓடி ஒளிய இடம் ஏது? தத்துவ நூலில் வாதமாக நிற்கும் கருத்து இங்கே ஒரு மனிதனின் கதறலாகிறது. பாவ மன்னிப்பு நாளான யோம் கிப்பூரில் இந்தப் பாடலை ஓதும் யூதச் சமூகங்கள் இன்றும் இருக்கின்றன.

இதற்கு ஆங்கில மொழிபெயர்ப்புகள் கிடைக்கின்றன. படிக்கும்போது கோளங்களைப் பற்றிய பகுதியைப் பழைய வானியல் என்று தள்ளிவிடாதீர்கள். அந்த ஏற்றத்தைக் கடந்து வந்தால்தான் அறிக்கைப் பகுதியின் கனம் புரியும்.