தூக்கத்தில் பல் கடிக்கும் குழந்தைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

தூங்குகிற குழந்தை பல்லை நறநறவென்று கடித்தால் அடுத்த அறை வரை கேட்கும். காலையில் கேட்டால் குழந்தைக்கு எதுவும் நினைவிருக்காது. பெற்றோர் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்வி: வயிற்றில் பூச்சி இருக்கிறதா, பல் தேய்ந்துபோகுமா?

பூச்சி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். குடற்புழுவுக்கும் பல் கடிப்பதற்கும் தொடர்பு தேடிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாகவே இருக்கின்றன. பூச்சியே இல்லாத குழந்தைகளும் தாராளமாகப் பல் கடிக்கிறார்கள். கீரிப்பூச்சியின் அடையாளம் வேறு: இரவில் ஆசனவாயில் அரிப்பு இருக்கும், வெள்ளை நூல் துண்டு போன்ற புழு கண்ணில் படும். அப்படி இருந்தால் மருந்து கொடுக்க வேண்டியதுதான். மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதனால்தான் இரண்டு வாரம் கழித்து இன்னொரு வேளை தரச் சொல்கிறார்கள். பல் கடிக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அடிக்கடி பூச்சி மருந்து கொடுப்பதில் பயனில்லை.

பிறகு ஏன் கடிக்கிறது? தூக்கம் ஒரே ஆழத்தில் ஓடுவதில்லை. மூளை இரவில் பலமுறை 3 முதல் 15 விநாடி வரை விழிப்பின் விளிம்புக்கு வந்து, மறுபடி தூக்கத்துக்குள் போய்விடும். அந்தச் சில விநாடிகளில் முதலில் இதயத் துடிப்பு கூடுகிறது. அடுத்து தாடைத் தசைகள் விநாடிக்கு ஏறக்குறைய ஒருமுறை வீதம் சுருங்கித் தளர்கின்றன. முடிவில் பல நேரம் எச்சிலை விழுங்குவதும் உண்டு. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் உரசினால்தான் நமக்குச் சத்தம் கேட்கும். உரசாமல் இறுகக் கடித்தால் கேட்காது. ஆகவே சத்தம் நின்றது என்பதை மட்டும் வைத்துப் பழக்கம் நின்றது என்று சொல்லிவிட முடியாது.

இந்த அரை விழிப்புகளைக் கூட்டுகிற எதுவும் பல் கடிப்பதையும் கூட்டலாம். அவற்றில் நான் முதலில் கேட்பது மூச்சைப் பற்றித்தான். வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் குறட்டை வருகிறதா? வாயைத் திறந்தபடி தூங்குகிறதா? கழுத்தைப் பின்னுக்கு வளைத்துப் படுக்கிறதா? மூச்சு சில விநாடி நின்று, பிறகு ஒரு திணறலோடு தொடங்குகிறதா? படுக்கையை நனைப்பது நின்றுபோன குழந்தை மறுபடி நனைக்கிறதா? இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் பல் மருத்துவரோடு நிறுத்தாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரையும் பாருங்கள். மூக்குக்குப் பின்னால் இருக்கிற அடினாய்டு சதையோ, தொண்டையில் இருக்கிற டான்சிலோ வீங்கியிருக்கலாம், ஒவ்வாமையால் மூக்கு அடைத்திருக்கலாம். அதைச் சரிசெய்தபின் பல் கடிப்பதும் குறைந்துவிடுகிற குழந்தைகள் நிறைய. இரவில் வயிற்று அமிலம் எதுக்களிப்பது, மனப் பதற்றம், வீட்டில் யாராவது புகைபிடிப்பது, கவனக்குறைவுச் சிக்கலுக்குத் தருகிற சில மருந்துகள் ஆகியவையும் பட்டியலில் உண்டு. மருந்துதான் காரணமோ என்று தோன்றினால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது கேள்வி, தேய்மானம். இதற்குப் பல் வளர்கிற கதை கொஞ்சம் தெரிய வேண்டும்.

ஏறக்குறைய 6 மாதத்தில் கீழ் முன்பற்கள் வரும். இரண்டரை, மூன்று வயதுக்குள் 20 பால்பற்களும் வந்துவிடும். மேலும் கீழும் முன்பற்கள் முதன்முதலாகச் சந்திக்கிற மாதங்களில் குழந்தை விழித்திருக்கும்போதே கறகறவென்று உரசிப் பார்க்கும். புதுப் பொருள் கிடைத்த ஆர்வம், அவ்வளவுதான். அதை விட்டுவிடுங்கள்.

மூன்று வயதில் மேல் முன்பற்கள் கீழ்ப் பற்களை நன்றாக மூடி நிற்கும். ஐந்து, ஆறு வயதில் பாருங்கள்: முன்பற்களின் விளிம்பு தட்டையாகி இருக்கும், கோரைப்பல்லின் கூர் மழுங்கியிருக்கும், பற்களுக்கிடையே இடைவெளி விழுந்திருக்கும். இதைக் கேடு என்று நினைக்க வேண்டாம். கூர் மழுங்கினால்தான் கீழ்த்தாடை தடையில்லாமல் முன்னால் நகர்ந்து வளர முடியும். கோரைப்பல் தேயாமல் கூராகவே நின்று, வாய் மூடும்போது தாடையை ஒருபக்கமாகத் தள்ளினால், பல் மருத்துவர்களே அதன் முனையைத் தேய்த்து விடுவதுண்டு. இயற்கை செய்யாததைக் கருவி செய்கிறது!

6 வயதையொட்டி, கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே நான்கு கடைவாய்ப்பற்கள் முளைக்கின்றன. இவை விழுந்து முளைக்கிற பற்கள் அல்ல, ஆயுள் முழுக்க இருக்க வேண்டியவை. பால்பல் என்று நினைத்து அசட்டையாக விட்டுச் சொத்தையாக்குவது அதிகம் இவற்றைத்தான்.

அதே வயதில் இன்னொரு பதற்றம் வரும். புதிதாக முளைத்த கீழ் முன்பல்லின் விளிம்பில் ரம்பம்போல மூன்று சிறு மேடுகள் தெரியும். இரவில் கடித்துப் பல் உடைந்துவிட்டது என்று குழந்தையை அழைத்து வருவார்கள். உடையவில்லை. பல் உருவாகும்போது ஒன்றுசேர்ந்த மூன்று பகுதிகளின் அடையாளம் அது. எதிர்ப் பல்லோடு உரசி ஓரிரு வருடத்தில் சமமாகிவிடும். பத்து வயதிலும் அந்த மேடுகள் அப்படியே இருந்தால்தான் யோசிக்க வேண்டும். மேல், கீழ் முன்பற்கள் ஒன்றையொன்று தொடவே இல்லை என்று பொருள். விரல் சூப்புவதோ, விழுங்கும்போது நாக்கை முன்னால் தள்ளுவதோ காரணமாக இருக்கலாம். புதுப்பல் பால்பல்லைவிட மஞ்சளாகத் தெரிவதும் இயல்புதான்.

சரி, எந்தத் தேய்மானம் கவலைக்குரியது? பால்பல்லின் எனாமல், அதாவது கடினமான வெளி அடுக்கு, நிலைப்பல்லில் இருப்பதில் ஏறக்குறைய பாதித் தடிமன்தான், சுமார் 1 மில்லிமீட்டர். அது தேய்ந்து முடிந்தால் நடுவில் மஞ்சளாக டென்டின் என்கிற உள் அடுக்கு தெரியும். பகல் வெளிச்சத்தில் குழந்தையைப் படுக்கவைத்து, சுத்தமான துணியால் பல்லைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஈரப் பல்லில் எதுவும் சரியாகத் தெரியாது. மேல் பல்லில் தட்டையாகப் பளபளக்கும் இடமும் கீழ்ப் பல்லில் பளபளக்கும் இடமும் தாடையை நகர்த்தினால் ஒன்றோடொன்று பொருந்தினால், அது கடித்துத் தேய்ந்தது. தட்டையாக இல்லாமல் கிண்ணம்போலக் குழிந்திருந்தால், அல்லது மேல் முன்பற்களின் உட்புறம் வழவழவென்று கரைந்திருந்தால், அமிலத்தின் வேலை. எதுக்களிப்போ, புளிப்புப் பானங்களை அடிக்கடி உறிஞ்சுவதோ பின்னால் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் தேய்மானம் வேகமாகும். எதுக்களித்தாலோ வாந்தி எடுத்தாலோ உடனே பல் துலக்காமல், தண்ணீரால் கொப்பளித்து அரை மணி நேரம் கழித்துத் துலக்கச் சொல்லுங்கள்.

குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுவது, ஒரு பல் மட்டும் கருத்துப்போவது, ஈறில் கொப்புளம், காலையில் நெற்றிப்பொட்டில் வலி, வாயை அகலத் திறக்க முடியாமை, நிலைப்பல்லிலேயே தேய்மானம் தெரிவது: இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் தாமதிக்காதீர்கள். மிகவும் தேய்ந்த பால் கடைவாய்ப்பல்லுக்கு ஸ்டீல் கேப் போடுவார்கள். எப்படியும் விழப்போகிற பல்தானே, பிடுங்கிவிடுங்கள் என்று கேட்க வேண்டாம். அது 10, 12 வயது வரை இடத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டிய பல். முன்கூட்டியே போனால் ஆறு வயதுப் பல் முன்னால் சாய்ந்து, அடியில் வருகிற பல்லின் வழியை அடைத்துவிடும்.

பெரியவர்களுக்கு இரவில் பல்மேல் மாட்டுகிற நைட் கார்டு என்ற உறையைக் குழந்தைக்குக் கேட்கிறார்கள். பொதுவாக வேண்டாம். தாடை வளர்கிறது, பற்கள் விழுந்து முளைக்கின்றன. இன்று அளவெடுத்துச் செய்தது சில மாதத்தில் பொருந்தாது, வளர்ச்சிக்கும் தடையாகலாம். பெருமூளை வாதம் போன்ற நிலைகளில், கடி மிகக் கடுமையாக இருந்தால் மட்டும், மருத்துவர் மேற்பார்வையில் யோசிக்கலாம். வெந்நீரில் போட்டுக் கடிக்கவைத்து நாமே வடிவமைக்கிற ரகத்தை வாங்கவே வாங்காதீர்கள்.

வீட்டில் செய்யக்கூடியது தூக்கத்தை ஒழுங்குபடுத்துவது. 3 முதல் 5 வயது வரை பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம், 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே திரைகளை அணைத்துவிடுங்கள். காபியும் கோலாவும் வேண்டாம். கடிக்கும்போது எழுப்புவதும், தாடையைப் பிடித்து இழுப்பதும், காலையில் திட்டுவதும் கூடாது. தெரியாமல் செய்வதை எப்படி நிறுத்தும்?

பெரும்பாலான குழந்தைகளுக்குப் பத்து வயதை ஒட்டி இது தானாகவே குறையத் தொடங்கும். மருத்துவரைப் பார்க்கப் போவதாக இருந்தால், இரண்டு மூன்று இரவு கைப்பேசியில் ஒலியைப் பதிவுசெய்து கொண்டுபோங்கள். பல் சத்தத்தோடு குறட்டையும் மூச்சு இடைவெளியும் அதில் பதிவாகியிருந்தால், அரை மணி நேரம் கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்வதை மருத்துவர் அதிலேயே கேட்டுவிடுவார். வணக்கம்.