பூக்களின் பள்ளத்தாக்கை ஒரே நாளில் பார்த்துவிடலாமா?

அடுத்த கேள்வி மதுரையிலிருந்து ஒரு தங்கை கேட்டது. "ஆகஸ்ட் மாதம் அப்பா அம்மாவோடு உத்தராகண்டில் இருக்கும் பூக்களின் பள்ளத்தாக்குக்குப் போகிறோம். கோவிந்த்காட்டிலிருந்து காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பிவிடலாமா? ஒரே கூட்டம் என்கிறார்களே, அமைதியாகப் பார்க்க வழி உண்டா?"

ஒரே நாள் வேண்டவே வேண்டாம்மா. கோவிந்த்காட்டிலிருந்து புல்னா வரைக்கும் 4 கிலோமீட்டர் ஜீப் போகும். அங்கிருந்து, இரவு தங்கும் ஊரான காங்கரியாவுக்குச் சுமார் 10 கிலோமீட்டர் நடை, பெரும்பாலும் ஏற்றம். பள்ளத்தாக்கு அதற்கும் மேலே. உள்ளே இரவு தங்க விடமாட்டார்கள், மாலைக்குள் வெளியே வந்தாக வேண்டும். ஓட்டமாக ஓடினாலும் வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

இன்னொன்று, காங்கரியாவே சுமார் 3,050 மீட்டர் உயரம். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். அதனால் முதல் நாள் காங்கரியாவில் படுத்து உடம்பைப் பழக்குங்கள். யாருக்காவது தலைவலியும் வாந்தியுமாக இருந்தால் மேலே ஏறவே கூடாது, கீழே இறங்கிவிடுங்கள்.

சரி, கூட்டம். காங்கரியாவைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரியும். பெரும்பாலோர் சீக்கியர்களின் ஹேம்குண்ட் சாகிப் குருத்வாராவுக்கு ஏறிவிடுவார்கள். இடப்பக்கம் பிரிவது நம் பாதை. அதில் கோவேறு கழுதைகளுக்கு அனுமதி இல்லை. முந்தின நாள் முழுக்கக் காதில் விழுந்த கழுத்துமணிச் சத்தம் அங்கே நின்றுபோகும். அப்புறம் புஷ்பாவதி ஆற்றின் இரைச்சல் மட்டும்தான். அப்பா அம்மாவுக்கு முடியாவிட்டால், முதுகுக் கூடையில் உட்காரவைத்துத் தூக்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கண்டி என்று கேளுங்கள்.

ஆற்றுப் பாலம் தாண்டி ஏறும்போது பூர்ஜ மரங்களைப் பாருங்கள். பட்டை தாள் தாளாக உரிந்து தொங்கும். நாம் பனையோலையில் எழுதியதுபோல வடக்கே இந்தப் பட்டையிலும் எழுதினார்கள். கையால் உரித்துவிடாதீர்கள், மரத்துக்குக் கேடு.

காடு முடிந்ததும் பள்ளத்தாக்கு விரியும். ஆகஸ்டில் ஆளுயரத்துக்கு இளஞ்சிவப்புப் பூக்கள் நிற்கும். நம் வீட்டு வாசலில் வளர்க்கும் காசித்தும்பையின் இனம்தான் அது. முற்றிய காயைத் தொட்டால் நம்மூர்க் காய்போலவே படக்கென்று வெடித்து விதை தெறிக்கும்.

பலர் அங்கேயே படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் திரும்பாதீர்கள். இன்னும் உள்ளே நடந்தால் ஜோன் மார்கரெட் லெக் என்ற பெண்ணின் கல்லறை இருக்கிறது. செடிகள் சேகரிக்க இங்கிலாந்திலிருந்து வந்தவர், 1939-இல் இங்கே பாறைச் சரிவில் வழுக்கி விழுந்து இறந்தார். அந்தக் கல் பக்கத்தில் அரைமணி நேரம் சும்மா உட்காருங்கள். நீங்கள் கேட்ட அமைதி அங்கேதான் இருக்கிறது. காலையில் வாசல் திறந்ததும் நுழைந்தால்தான் இதற்கெல்லாம் நேரம் கிடைக்கும். உள்ளே கடை கிடையாது. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள், குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

ஆக, காங்கரியாவில் மூன்று இரவு வையுங்கள். ஒரு நாள் மேகம் மூடி எதுவும் தெரியாமல் போனாலும் இன்னொரு நாள் கையில் இருக்கும். ஆகஸ்டில் கோவிந்த்காட்டுக்கு வரும் சாலையில் மண்சரிவும் சகஜம். ஊர் திரும்பும் ரயிலுக்கு முன்னால் ஒரு நாளாவது காலியாக விட்டு டிக்கெட் போடுங்கள்.