எதிராளியின் பெயருக்குத் தோற்பது

திருகோணமலையில் சதுரங்கம் பழகும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்

மூதூரிலும் கிண்ணியாவிலும் இருந்து காலையிலேயே கிளம்பி வந்த பிள்ளைகளுக்கும், கூட வந்த பெற்றோருக்கும் வணக்கம்.

1997 மே மாதம் நியூயோர்க்கில் ஐ.பி.எம். நிறுவனத்தின் டீப் புளூ என்ற சதுரங்கக் கணினி, உலக சாம்பியன் கஸ்பரோவை 3.5 – 2.5 என்று வென்றது. வினாடிக்கு சுமார் 200 மில்லியன் நிலைகளைப் பார்க்கும் இயந்திரம், மனிதன் என்ன செய்வான் என்று பேச்சை முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. முந்தைய வருடம் பிலடெல்பியாவில், முதல் ஆட்டத்தைத் தோற்ற பிறகும், அதே டீப் புளூவை 4 – 2 என்று வென்றவர் அவர்.

1997இல் எல்லாம் திரும்பியது இரண்டாவது ஆட்டத்தில். கஸ்பரோவுக்குக் கறுப்பு. அரசியை உள்ளே நுழைத்து சிப்பாய்களை அள்ளும் வாய்ப்பு கணினிக்கு இருந்தது. அந்தக் காலத்துக் கணினி காய் கிடைக்கும் பக்கம் ஓடும் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். டீப் புளூ ஓடவில்லை. 37ஆம் நகர்த்தலில் மந்திரியை (பிஷப்பை) நடுப்பலகையில் நிறுத்தி, கறுப்பின் எதிர்த்தாக்குதலை அடைத்துவிட்டது. உள்ளே ஒரு மனிதக் கை இருக்கிறதோ என்ற சந்தேகம் கஸ்பரோவைப் பிடித்துக்கொண்டது. 45ஆம் நகர்த்தலோடு ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். தொடர்ந்து செக் கொடுத்துச் சமன் செய்யப் பார்த்திருக்கலாமே என்று மறுநாள் நண்பர்கள் சொன்னபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

அது உண்மையில் சமன்தானா என்று இன்றும் வாதம் உண்டு. இன்றைய மென்பொருள்கள் வெள்ளை பக்கம்தான் சாய்கின்றன. இருக்கட்டும். அவர் தேடிப் பார்க்கவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. எதிரே அவருடைய பழைய போட்டியாளர் கார்ப்போவ் இருந்திருந்தால் கடைசி வரை தேடியிருப்பார். இந்த இயந்திரம் எல்லாவற்றையும் பார்த்திருக்கும் என்று நம்பியதால் கையை நீட்டிவிட்டார். கடைசியான ஆறாவது ஆட்டத்தை வெறும் 19 நகர்த்தல்களில் தோற்றார்.

பயப்படாமல் ஆடினால் என்ன ஆகும் என்பதையும் அவரே காட்டினார். 2003இல் எக்ஸ்3டி பிரிட்ஸ் என்ற கணினியோடு மூன்றாவது ஆட்டத்தில், சிப்பாய்களைப் பூட்டி நிலையை அடைத்தார். வெட்டுக்குத்து இல்லாத இடத்தில் நீண்ட திட்டம் போட அந்தக் கணினிக்குத் தெரியவில்லை. காய்களை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே தோற்றது. அந்த வழி சீக்கிரமே அடைபட்டது. 2005இல் ஹைட்ரா என்ற கணினி, இங்கிலாந்தின் முன்னணி வீரர் மைக்கேல் ஆடம்ஸை 5.5 – 0.5 என்று நொறுக்கியது.

அடுத்த வருடம் ஜேர்மனியில் உலக சாம்பியன் கிராம்னிக், டீப் பிரிட்ஸ் என்ற கணினிக்கு எதிராக, ஒரே நகர்த்தலில் விழும் மேட்டை (அரசன் தப்ப முடியாத செக்கை) கவனிக்கவில்லை. கணினியின் ஆழத்தை எண்ணித் தூரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், காலடி தெரியாது போலும்.

நம் பிள்ளைகள் கொழும்புக்குப் போட்டிக்குப் போகும்போது இதையே பார்க்கிறேன். பட்டியலில் எதிராளியின் ரேட்டிங்கை (ஆட்டத் திறனைக் காட்டும் எண்ணை) கண்டதுமே முகம் வாடிவிடுகிறது. பெற்றோரே, ஆட்டம் முடிந்ததும் போனில் ஸ்டொக்பிஷ் என்ற சதுரங்க மென்பொருளைத் திறந்து பிழை எண்ணாதீர்கள். அந்த இடத்தில் என்ன நினைத்தாய் என்று முதலில் பிள்ளையிடம் கேளுங்கள். கணினி அப்புறம்.

சரி, மேசைகளில் அந்த இரண்டாவது ஆட்டத்தின் கடைசி நிலையை அடுக்கி வைத்திருக்கிறோம். கறுப்பு நகர்த்த வேண்டும். போன்களைப் பைக்குள் போட்டுவிட்டு, இருவர் இருவராக உட்காருங்கள்.