மல்லி என்றால் எந்த மல்லி?

[திரையில்: கைப்பேசி, ஒரே ஒரு வரி மெசேஜ்]

"வரும்போது மல்லி வாங்கிட்டு வா."

அம்மா அனுப்பியது. நான் அப்போது மாட்டுத்தாவணியில் நின்றுகொண்டிருந்தேன். பூ மார்க்கெட்டும் அங்கேதான், காய்கறி மார்க்கெட்டும் அங்கேதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேறு. இரண்டு முழம் பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அடுப்பில் ரசம் நுரைகட்டிக்கொண்டிருந்தது. அம்மா கேட்டது மல்லித்தழை.

தப்பு யார் மேலும் இல்லை. நம் ஊரில் பூவும் மல்லி, தழையும் மல்லி, குழம்புக்கு அரைக்கிற விதையும் மல்லி.

இந்த மாதிரிச் சொல்லுக்குத் தொல்காப்பியம் வைத்த பெயர் 'பலபொருள் ஒருசொல்'. எந்தப் பொருள் என்று தெரிந்துகொள்ள அது காட்டும் வழிகள்: வினை, இனம், சார்பு.

[திரையில்: பூத் தொடுக்கும் கைகள், அப்புறம் வாணலி]

"மல்லி தொடுத்தாச்சா?" என்றால் பூ. "மல்லி வறுத்தாச்சா?" என்றால் விதை. வினையே காட்டிக்கொடுத்துவிடுகிறது. சீட்டில் "மல்லி, மிளகாய், சீரகம்" என்று இருந்தால் எந்த மளிகைக் கடைக்காரரும் பூவைத் தேடமாட்டார். கூட நிற்கும் இனம் போதும்.

ஆனால் "மல்லி வாடிப்போச்சு" என்றால்? பூவும் வாடும், தழையும் வாடும். வினை கைவிட்டுவிடும் இந்த இடத்தையும் தொல்காப்பியம் தனியாகப் பிரித்து வைத்திருப்பது எனக்குப் பெரிய வியப்பு. 'மா பூத்தது' என்றால் மரம்தான். 'மா வீழ்ந்தது' என்றால் மரமா, விலங்கா? மா என்பது இரண்டுக்கும் பெயர். அங்கே 'மாமரம் வீழ்ந்தது' என்று விளக்கமாகச் சொல்லிவிட வேண்டும். மல்லிக்கும் அதே கதைதான். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய 'மதுரை மல்லி'யைப் பாருங்கள், ஊர்ப்பெயர் முன்னால் வந்ததும் கொத்தமல்லி யார் நினைப்பிலும் வராது.

மிச்சம் இருப்பது சார்பு, அதாவது சொல் பிறக்கும் இடமும் நேரமும். அதே வரியை அம்மா அடுப்படியில் நின்று சொல்லியிருந்தால், புளி கொதிக்கும் வாசமே எனக்குப் பொருள் சொல்லியிருக்கும். மெசேஜில் சொல் வருகிறது, அடுப்படி வருவதில்லை.

[திரையில்: அதே கைப்பேசி, புது மெசேஜ்]

"மல்லித்தழை ஒரு கட்டு. பூவும் ஒரு முழம்."